சங்கிலி ரம்பம் தடுமாறுவது ஏன்?

இயந்திரம் ஓடுகிறது என்பது ஒன்று. அது க்ஷேமமாக ஓடுகிறது என்பது முற்றிலும் வேறொன்று. நம்மிடையே புழங்கும் பெரும்பாலான இயந்திரங்கள், பழுதுபடுவதற்கு முன்னால் முனகியோ, வேகம் குறைந்தோ, புகையைக் கக்கியோ தம் நிலையைத் தெரிவித்துவிடுகின்றன; அவற்றின் சொந்தக்காரரும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்காவது மெக்கானிக்கைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் சிறு எஞ்சின் மட்டும் இந்தப் பொதுவிதிக்கு விபரீதமான ஒரு விலக்கு. அதற்கு நேரக்கூடிய குற்றங்களுள் மிகக் கொடியது எதுவோ, அது வந்து சேரும்போது எஞ்சின் முன்னிலும் வேகமாகச் சுழலும், அதன் சுருதி உயரும், புகையும் குறைந்துவிடும். வாங்கிய நாள் முதல் இவ்வளவு நன்றாக இது ஓடியதில்லையே என்று அறுப்பவர் மகிழ்ந்துகொண்டிருக்கையிலேயே, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு அசைவற்று நின்றுவிடும். "சீஸ் ஆகிவிட்டது" என்று பட்டறையில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். குற்றம் அழகாக ஒலிக்கக்கூடிய இயந்திரத்தில் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இந்த விபரீதத்தின் காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. சங்கிலி ரம்பத்தில் பெரும்பாலும் அமைந்திருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கிராங்க் கேஸையே ஒரு பம்பாக உபயோகித்துப் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும் இதன் வடிவம், 1889-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே என்பவரால் வகுக்கப்பட்டது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேலே உள்ள கலவை அழுத்தப்படுகிறது. அதே வேளையில் அதன் அடியில், கிராங்க் கேஸுக்குள், கார்புரேட்டர் வழியாகப் புதுக் கலவை உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எரிந்த வாயு ஒரு துவாரத்தால் வெளியேற, அடியில் தங்கியிருந்த கலவை பக்கவாட்டு வழிகளால் மேலேறிச் சிலிண்டரை நிரப்புகிறது. நான்கு சக்கர வண்டியின் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிகழும் வெடிப்பு இங்கே ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்கிறது. நிமிஷத்துக்கு 12,000 சுற்று என்றால் விநாடிக்கு 200 வெடிப்புகள். ஏறத்தாழ 50 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஐந்து கிலோ எடையுமுள்ள ஒரு சாதனம் மூன்று, நான்கு குதிரைத்திறனைத் தருவதன் ரகசியம் இதுவே.

ஆனால் கலவை கிராங்க் கேஸின் ஊடாகப் போக வேண்டியிருப்பதால், அங்கே தனியாக எண்ணெய் நிரப்பி வைக்க இயலாது. ஆகையால் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கரைத்துவிடுகிறார்கள்: இக்கால ரம்பங்களுக்குப் பெரும்பாலும் 50-க்கு 1 என்ற விகிதம், அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் 2டி ஆயில். உள்ளே நுழையும் பெட்ரோல் இங்கே மூன்று ஊழியங்களைச் செய்கிறது: எரிந்து சக்தியைத் தருகிறது, ஆவியாகும்போது உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு எஞ்சினைக் குளிர்விக்கிறது, தன்னோடு எண்ணெயைச் சுமந்து வந்து பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழங்குகிறது. பெட்ரோல் குறைந்தால் மூன்றும் ஒருங்கே குறைகின்றன. ஒரு பங்கு பெட்ரோலைப் பூரணமாக எரிக்க, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ரம்பத்தின் எஞ்சினுக்கோ வேண்டுமென்றே காற்றைக் குறைத்துப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இந்தச் செறிந்த கலவை மெலிந்து 14.7-ஐ நோக்கி நகர நகர, எரிவு சுத்தமாகிறது, உஷ்ணம் ஏறுகிறது, வேகம் கூடுகிறது. அதே கணத்தில் குளிர்ச்சியும் எண்ணெயும் குறைந்துகொண்டே போகின்றன. மேலே சொன்ன அந்த இனிய குரல், உண்மையில், எண்ணெய் வற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினின் குரல்.

கலவையைத் தயாரிக்கும் கார்புரேட்டரைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்; ஏனெனில் குற்றம் எங்கிருந்தாலும் எல்லாருடைய கையும் முதலில் போவது அதன் திருகுகளை நோக்கித்தான். ஆதியில் தோன்றிய ரம்பங்களில் மோட்டார் வண்டிகளில் இருப்பது போன்ற மிதவைக் கிண்ணக் கார்புரேட்டரே இருந்தது. கிண்ணம் சாய்ந்தால் பெட்ரோல் வழிந்துவிடும் ஆதலால், எஞ்சினை நிமிர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு அறுக்கும் தகட்டை மட்டும் திருப்பி மரத்தை வீழ்த்த வேண்டியிருந்தது. 1927-இல் ஜெர்மனியின் தூரிங்கியாவில் டோல்மார் என்ற குன்றின்மேல் எமில் லெர்ப் பரிசோதித்துக் காட்டிய பெட்ரோல் ரம்பத்தைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டில்லட்சன் கம்பெனியார் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டயாபிரம் கார்புரேட்டரைப் பரப்பிய பிறகே, ஒருவர் தனியாகக் கையில் ஏந்தி எந்தக் கோணத்திலும் சாய்த்து அறுக்கும் ரம்பம் சாத்தியமாயிற்று.

இந்தக் கார்புரேட்டருக்குள் மெல்லிய சவ்வு போன்ற இரண்டு டயாபிரங்கள் இருக்கின்றன. கிராங்க் கேஸில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும் அழுத்தம் ஒரு சிறு துவாரத்தின் வழியாக வந்து முதலாவதை அசைக்க, அது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தருகிறது. இரண்டாவதன் ஒருபுறம் வெளிக்காற்று. மறுபுறம் பெட்ரோல் அறை. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்வதால் அங்கே அழுத்தம் தாழ்ந்து, அறையிலுள்ள பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. உடனே வெளிக்காற்று டயாபிரத்தை உள்நோக்கித் தள்ள, அது ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஊசி வால்வைத் திறந்து, செலவான அளவுக்குப் பெட்ரோலை உள்ளே விடுகிறது. வெளியே தெரியும் திருகுகள் மூன்று. எல் என்ற எழுத்துள்ளது தாழ்ந்த வேகத்துக்குரிய பெட்ரோலையும், எச் என்ற எழுத்துள்ளது உயர்ந்த வேகத்துக்குரிய பெட்ரோலையும் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவது பெட்ரோலோடு சம்பந்தமில்லாமல், காற்றுக் கதவு எவ்வளவு மூடலாம் என்பதை மட்டும் நிர்ணயிக்கிறது. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த ரம்பம் இன்றைக்கு ஓட மறுத்தால், இந்தத் திருகுகள் இரவோடு இரவாகத் தாமே திரும்பியிருக்க மாட்டா என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நலம். மாறியது வேறொன்று, அதைத் தேடாமல் திருகைத் திருப்புவது, ஒரு குற்றத்தை இரண்டாக்குவதாகவே முடியும்.

தேடுவதற்கு ஒரு கிரமம் உண்டு. எஞ்சினின் தேவைகள் ஐந்துதான்: காற்று, பெட்ரோல், தீப்பொறி, கம்ப்ரஷன், எரிந்த வாயு வெளியேற வழி. இவற்றுள் எது குறைந்தது என்பதைக் கண்டுகொள்ள, "எஞ்சின் எப்படி நின்றது?" என்பதைவிட "எப்போது நின்றது?" என்ற கேள்வியே மிகுதியும் பயன்படும். குளிர்ந்திருக்கும்போதே பற்றவில்லையா, பற்றிச் சிறிது நேரம் ஓடிய பின் அணைகிறதா, ஐடிலிங்கில் நிற்கிறதா, ரேஸ் கொடுத்தால் அமுங்குகிறதா, மரத்தில் வைத்து அழுத்தினால் மட்டும் சோர்கிறதா, ஒரு பக்கமாகச் சாய்த்தால் மாறுகிறதா என்று பிரித்துக் கேட்கக் கேட்க, சந்தேகத்துக்குரிய உறுப்புகள் ஒவ்வொன்றாக விலகி, எஞ்சி நிற்பவை இரண்டொன்றாகிவிடும்.

அடியோடு பற்றாத எஞ்சினிலிருந்து தொடங்குவோம். கயிற்றைப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவைக்கப்படவில்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. நனைந்ததற்குச் சோக்கை அளவுக்கு மேல் இழுத்ததும் காரணமாகலாம். அப்படியானால் ஸ்விட்சை அணைத்து, பிளக் இல்லாமலே ரம்பத்தைக் கவிழ்த்துக் கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றி, சோக் இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்திக்கொண்டு மீண்டும் முயல வேண்டும். உலர்ந்திருந்தால், சில துளி கலவையைப் பிளக் துவாரத்தில் விட்டு, பிளக்கை மாட்டி இழுத்துப் பார்க்கலாம். இரண்டு விநாடி உறுமி அணைந்தால் தீப்பொறியும் கம்ப்ரஷனும் குற்றமற்றவை. டேங்கினுள் கிடக்கும் பில்டர், வெடிப்புக் கண்ட ரப்பர்க் குழாய், கார்புரேட்டரின் வாயிலிலுள்ள கடுகளவான வலை, விறைத்துப்போன டயாபிரம் என்று பெட்ரோல் வரும் வழியை மட்டும் ஆராய்ந்தால் போதும்.

தீப்பொறியைப் பரிசோதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழற்றிய பிளக்கைச் சிலிண்டரின் உலோகத்தில் தொட வைத்துக் கயிற்றை இழுத்து, நீலப் பொறி பறப்பதைப் பார்த்ததும் பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். வாயு எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் அதைத் துளைக்க வேண்டும் என்பது பௌதிகம் கண்ட விதி. திறந்த வெளியில் அரை மில்லி மீட்டர் இடைவெளியைத் தாண்டிய பொறி, அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே விவரமறிந்த மெக்கானிக்குகள் ஐந்தாறு மில்லி மீட்டர் இடைவெளியுள்ள தனிக் கருவியில் பொறியைத் தாண்டவிட்டுப் பார்க்கிறார்கள். அதையும், பெட்ரோல் ஆவி சூழாத இடத்தில் செய்கிறார்கள். பொறியே இல்லையென்றால், காயிலைக் குற்றம் சொல்வதற்குமுன் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் உறை தேய்ந்து உலோகத்தில் பட்டுக்கொண்டிருந்தால், எஞ்சின் நிரந்தரமாக அணைக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். காந்தம் பதித்த சக்கரத்துக்கும் காயிலுக்கும் இடையே ஒரு தடித்த விசிட்டிங் கார்டு நுழையும் இடமே, ஏறத்தாழ 0.3 மில்லி மீட்டர்தான், இருத்தல் வேண்டும்.

கம்ப்ரஷனை அளக்க மானி உண்டு; சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு மேல் காட்டினால் சாதாரணமாகக் குறையில்லை, 90-க்கும் கீழே இறங்கினால் எஞ்சின் பற்றுவதே கஷ்டம். மானி இல்லாத இடத்தில், ஸ்விட்சை அணைத்து, அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு இருந்தால் அதையும் மூடிவிட்டு, ரம்பத்தைக் கயிற்றின் பிடியைப் பற்றித் தூக்கிப் பார்ப்பார்கள்: நல்ல எஞ்சினாயின் ரம்பம் தன் எடையால் தயங்கித் தயங்கிக் கீழிறங்கும், ரிங்குகள் தேய்ந்ததாயின் தடையின்றிச் சரிந்துவிடும்.

அடுத்தது, நன்றாகப் பற்றி, கால்மணி நேரம் உழைத்து, பிறகு அணைந்துபோகும் ரம்பம். ஆறவிட்டால் மீண்டும் பற்றும், மீண்டும் அணையும். இதற்குக் காரணம் இரண்டிடங்களில் இருக்கலாம். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று நுழைய வேண்டும். அதற்காக வைத்த சிறு வால்வு மரத்தூளால் அடைபட்டால், ஒரே துளையிட்ட எண்ணெய் டின்னிலிருந்து எண்ணெய் இறங்காதது போலவே, பெட்ரோலும் நகர மறுக்கும். எஞ்சின் அணைந்த கணத்திலேயே டேங்க் மூடியைத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, அதன்பின் உடனே எஞ்சினும் பற்றிக்கொண்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மூடியைத் தளர்த்தியும் பயனில்லையானால், ஆறுவதற்குள் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். காயிலுக்குள்ளே தலைமயிரினும் மெல்லிய கம்பிச் சுருளில் விழுந்த நுண்ணிய பிளவு, குளிர்ந்திருக்கையில் ஒட்டியும் சூடேறி விரிகையில் பிரிந்தும் விளையாடும். ஆறிய காயிலை மேஜைமேல் வைத்து எத்தனை முறை பரிசோதித்தாலும் அது நிரபராதியாகவே தோன்றும். எந்த நிலையில் குற்றம் நிகழ்கிறதோ அந்த நிலையிலேயே பரிசோதிக்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

வெறுமனே ரேஸ் கொடுத்தால் சீறுகிறது, மரத்தில் வைத்தால் மட்டும் சோர்கிறது என்பது இன்னொரு புகார். இங்கே முதலில் விசாரிக்க வேண்டியது எஞ்சினையே அன்று. பற்கள் மழுங்கிய சங்கிலி, எவ்வளவு சக்தியைக் கொடுத்தாலும் அறுக்காமல் தேய்க்கும். கூரிய சங்கிலி மரத்தைச் செதில் செதிலாகவும் மழுங்கியது மாவு மாவாகவும் உதிர்க்கும் என்பதால், காலடியில் கிடக்கும் தூளே சாட்சி சொல்லிவிடும். சங்கிலியில் குறையில்லை என்று கண்டபின் ஏர் பில்டருக்கு வரலாம். அது அடைபட்டால் காற்று குறைந்து கலவை செறிவாகி, புகையும் மந்தமும் தோன்றும். மறுகோடியில், சைலன்சரின் வாயில் தீப்பொறி வெளியே பறக்காமல் தடுக்க வைத்திருக்கும் சிறு கம்பி வலையும், அதற்குள்ளேயிருக்கும் வெளியேற்றுத் துவாரமும் கரியால் அடைபடுவது உண்டு. உள்ளிருப்பது வெளியேறாதபோது புதியது நுழைய இடமேது? விகிதத்துக்கு மேல் எண்ணெய் கலப்பவர்களும், ஐடிலிங்கிலேயே நெடுநேரம் ஓடவிடுபவர்களும் இந்தக் கரியைத் தாமே விளைவித்துக்கொள்கிறார்கள்.

இனி, முதலில் குறிப்பிட்ட அந்தக் கொடிய குற்றத்துக்கு வருவோம். கார்புரேட்டரைத் தாண்டிய பிறகு, அளக்கப்படாத காற்று எங்கிருந்தாவது உள்ளே புகுந்தால், திருகுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் கலவை மெலிந்துவிடும். புகும் வழிகள் பல: கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாயின் வெடிப்பு, சிலிண்டரின் அடியிலுள்ள கேஸ்கட், கிராங்கின் இருபுறமும் அமைந்த ஆயில் சீல்கள். ரப்பர் காலத்தால் விறைப்பது. ஆகவே நெடுநாள் அலமாரியில் தூங்கிய ரம்பத்துக்கும் இந்தக் குற்றம் வரும். அதன் லட்சணங்களும் தெளிவானவை. ஐடிலிங் ஒரே சீராக நில்லாமல் தானே ஏறித் தானே இறங்கும்; ரேஸ் கொடுத்து விட்டால் வேகம் உடனே தணியாமல் மேலேயே சிறிது நேரம் தொங்கி நிற்கும்; ரம்பத்தை ஒருபுறம் சாய்த்தால், கிராங்க் தன் தேய்ந்த பேரிங்கில் நகர்ந்து சீல் மேலும் திறப்பதால், சுருதி மாறும்.

இத்தகைய எஞ்சினை ஒருவர் எல் திருகைச் சற்றுத் திறந்து சமாதானப்படுத்திவிடலாம். ஐடிலிங் ஒழுங்காகும், ரம்பம் வீட்டுக்குப் போகும், எல்லாரும் திருப்தியடைவார்கள். ஆனால் கசிவின் அளவு நிலையானதன்று. சூட்டுக்கும் வேகத்துக்கும் கோணத்துக்கும் ஏற்ப அது மாறிக்கொண்டேயிருக்கும். திருகு கொடுக்கும் ஈடோ நிலையானது. ஆதலால் பட்டறையில் சரியாயிருந்த கலவை, முழு வேகத்தில் பெரிய அடிமரத்தை அறுக்கும் நேரத்தில் மெலிந்து, குற்றம் மறைந்துவிட்டதாக நம்பிய இடத்திலேயே எஞ்சின் மாண்டுபோகும். ஆகையால், ஐடிலிங் அலையும் ரம்பத்தில் திருகைத் தொடுவதற்குமுன் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வாயில்களை அடைத்து, கிராங்க் கேஸுக்குள் அரை பார் அளவு காற்றைச் செலுத்தி, மானியின் முள் இறங்குகிறதா என்று கவனிப்பது ஒரு பரிசோதனை. அதே அளவுக்கு உறிஞ்சி வெற்றிடமாக்கிப் பார்ப்பது மற்றொன்று. வெளியே தள்ளும்போது இறுகியும் உள்ளே இழுக்கும்போது தளர்ந்தும் போகும் சீல்கள் உண்டு என்பதால், ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

எந்த உறுப்பும் பழுதில்லாமலே கலவை மாறும் சந்தர்ப்பமும் இருக்கிறது. நீலகிரியில் வேலை செய்பவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த சமாசாரம். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலும், அடிவாரத்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரின் கழுத்தில் பாயும் காற்று எடையில் குறைகிற அதே விகிதத்தில் பெட்ரோல் குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூல விகிதத்திலேயே குறைகிறது. இதன் பலன், கீழே சரிப்படுத்திய ரம்பம் மேலே நூற்றுக்குப் பத்துப் பங்கு செறிந்து புகைந்து மந்தமாக ஓடும். மந்தத்தால் அபாயமில்லை. ஆனால் சீகையும் கற்பூர மரமும் வெட்டுவதற்காக உதகையிலே திருகித் தேற்றிய ரம்பத்தை, அப்படியே கீழே கொண்டுவந்து வெயில் காயும் மத்தியானத்தில் முழு வேகத்தில் ஓட்டினால், கலவை அதே அளவு மெலிந்திருக்கும், எஞ்சின் அற்புதமாகச் சீறும், சீறியபடியே சீஸாகும்.

பெட்ரோலிலேயே நேர்ந்திருக்கும் மாறுதலும் இதே திசையில் தள்ளுகிறது. இந்தியாவில் இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது பெரும்பாலும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல்; டூ ஸ்ட்ரோக் ரம்பங்களின் கையேடுகளோ பலவும் 10 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால், எரிவதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும். 20 பங்கு கலந்த பெட்ரோலுக்கு 14.7-க்குப் பதிலாக ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே வேண்டும். திருகைத் தொடாமலிருந்தாலும் கலவை நூற்றுக்கு எட்டுப் பங்கு மெலிந்ததாகவே எஞ்சின் உணரும். அன்றியும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் படிகின்றன; எண்ணெயோ பெரும்பாலும் மேலே மிதக்கும் பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. டேங்கில் பில்டர் கிடப்பது அடியில். ஆகவே எஞ்சின் முதலில் குடிப்பது எண்ணெயில்லாத அந்த அடித்திரவத்தையே. 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வார்தா புயலிலும், 2018 நவம்பரில் காவிரிப் படுகையைச் சூறையாடிய கஜா புயலிலும் சாய்ந்த மரங்களையும் தென்னைகளையும் அகற்றச் சங்கிலி ரம்பமே கைகொடுத்தது. இத்தகைய ஆபத்துக்கென்று எடுத்து வைக்கும் ரம்பங்கள் மாதக்கணக்கில் சும்மா இருந்து, ஒரே நாளில் கூப்பிட்ட குரலுக்கு எழ வேண்டியவை. டேங்கை வடித்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு வைத்தால்தான் எழும். பழைய கலவையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்துப் பார்ப்பது, எல்லாப் பரிசோதனைகளிலும் மலிவானது.

இவ்வளவும் சரியென்று கண்ட பிறகு திருகுகளுக்கு வரலாம். எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும், பில்டர் சுத்தமாயிருக்க வேண்டும். முதலில் எல் திருகு: ரேஸ் கொடுத்ததும் தயங்காமல் எழும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு மூன்றாவதான ஐடிலிங் திருகு: எஞ்சின் அணையாமலும் சங்கிலி நகராமலும் இருக்குமிடம், ஐடிலிங்கில் சுற்றும் சங்கிலி காலை வெட்டும் சங்கிலி. கடைசியில் எச் திருகு. இங்கேதான் காதின் தேர்ச்சி வேண்டும். சுமையில்லாமல் முழு வேகத்தில் கலவை சற்றுச் செறிந்திருந்தால், சில சுற்றுகளில் எரிவு தவறி, ஒன்று விட்டு ஒன்றாக வெடிக்கும். ஓசை தூய்மையான சீறலாக இல்லாமல் கரகரப்பாக, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் போலக் கேட்கும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சீராகி, எடுத்ததும் மீண்டும் வர வேண்டும். மரத்துக்கு வெளியேயும் சீராகச் சீறுமானால் கலவை மெலிந்துவிட்டது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சில ரம்பங்களின் காயில், வேகம் எல்லை கடந்தால் தானே தீப்பொறியை விட்டுவிட்டு நிறுத்தும், அப்போதும் அதே கரகரப்புத்தான் கேட்கும். காதுக்கு நல்ல செறிவாகத் தோன்றுவது, உண்மையில் மெலிந்த கலவை எல்லையில் முட்டிக்கொள்வதாக இருக்கலாம். அங்கே வேகமானி இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எஞ்சின் மாண்டேவிட்டால்கூட ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. சைலன்சரைக் கழற்றி வெளியேற்றுத் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தால், பிஸ்டனே வாக்குமூலம் தரும். அந்தப் பக்கம் மட்டும் நெட்டுக்குத்தாகக் கீறியிருந்தால் மெலிந்த கலவையும் மிகுந்த உஷ்ணமும் காரணம். சுற்றிலும் உலர்ந்து கீறி எண்ணெய்ப் பசையே இல்லாதிருந்தால் யாரோ எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். கார்புரேட்டர்ப் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் கிழிந்த பில்டர் வழியே தூசி நுழைந்திருக்கிறது. இந்த வாக்குமூலத்தைக் கேளாமல் புதுப் பிஸ்டனைப் போடுபவர், புதுப் பிஸ்டனுக்கும் அதே முடிவை எழுதி வைக்கிறார்.

அண்மைக் காலத்தில் ஸ்டில் கம்பெனியார் எம்-ட்ரானிக் என்றும், ஹஸ்க்வர்னா கம்பெனியார் ஆட்டோட்யூன் என்றும் பெயரிட்டு, திருகுகளை அறவே நீக்கிவிட்டு, எஞ்சின் வேகத்தை ஓயாது கவனித்துக் கலவையைத் தானே சரிப்படுத்தும் மின்னணு ஏற்பாடுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மலையேற்றத்துக்கும் எத்தனாலுக்கும் இவை நல்ல பரிகாரம். அடைபட்ட பில்டரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் சிறு கசிவு ஏற்பட்டால் இவையும் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து அதை மூடி மறைக்கவே செய்யும். கூட்டிக் கொடுக்கும் சக்தி தீர்ந்த அன்றைக்குத்தான், முற்றிய நிலையில், குற்றம் வெளிப்படும். திருகு மறைந்தாலும் திருகின் சோதனை மறையவில்லை. கைக்குப் பதிலாக ஒரு கணிப்பொறி அந்தக் காரியத்தைச் செய்கிறது, அவ்வளவே. ஆகவே ரம்பம் பழையதாயினும் புதியதாயினும், அதன் நடையில் ஒரு மாறுதல் தென்பட்டால், அது மோசமாக மாறியதானாலும் முன்னிலும் நன்றாக மாறியதானாலும், எஞ்சினை நிறுத்தி, எப்போது, எந்த நிலையில் மாறியது என்று கேட்டு, பெட்ரோலிலும் பில்டரிலும் பொறியிலும் சீலிலும் விடையைத் தேடிய பின்னரே கலவையைத் திருத்தப் புக வேண்டும். காரணம் தெரியாமல் நீங்கிய குற்றம் நீங்கிய குற்றமாகாது.